இடைப்பிறவரல்: இருமொழி வரலாற்றில் ஒரு சிறு பக்கம்



சொற்களின் வரலாற்றைப் பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு சொல் வாக்கியத்தில் நிற்கும் இடத்தின் வரலாறு. பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் பெரிதும் இடறும் இடங்களுள் இஃதொன்று.

நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலே ஒரு சிறுமியிடம், "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "அம்மா கொழுந்தை வேகமாக எடுக்கிறார்" என்பாள். செயப்படுபொருள் முதலில், வேகத்தைக் கூறும் அடைச்சொல் அடுத்து, வினை இறுதியில். அதே சிறுமியை ஆங்கிலத்திற் கூறச் சொல்லுங்கள். "ஷீ பிளக்ஸ் குவிக்லி த லீஃப்" என்று எழுதுவாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "ஷீ பிளக்ஸ் த லீஃப் குவிக்லி" என்று திருத்துவார். ஏன் என்று அவள் கேட்பதில்லை, அவரும் கூறுவதில்லை. பிழை மட்டும் அவள் கணக்கில் ஏறிவிடுகிறது.

அப் பிழையைச் சற்று உற்று நோக்குவோம். ஆங்கிலத்தில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும் என்பதை அச் சிறுமி நன்கு கற்றிருக்கிறாள். ஆகவே தன் தமிழ் வாக்கியத்தின் பயனிலைப் பகுதியைக் கண்ணாடியிற் காண்பதுபோலத் திருப்பிவிட்டாள். கொழுந்தை, வேகமாக, எடுக்கிறார் என்ற வரிசை, எடுக்கிறார், வேகமாக, கொழுந்தை என்றாயிற்று. நடுவில் நின்ற சொல் நடுவிலேயே நின்றுவிட்டது. இதில் அறியாமை இல்லை, ஒழுங்கு இருக்கிறது. அவ்வொழுங்கு அவளுக்குத் தாய்மொழி தந்தது.

தமிழ் இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல்லதிகாரப் பொதுவியலில் இடைப்பிறவரலைக் கூறுகிறது. வேற்றுமை உருபேற்ற பெயருக்கும் அது கொண்டு முடியும் வினைக்கும் இடையிலே பிற சொற்கள் வரலாம் என்பது அவ்விதியின் ஒரு கூறு. முற்றும் எச்சங்களும் கொண்டு முடியும் சொற்களுக்கும் அவ்வாறே. எனினும் முனிவர் எச்சொல்லையும் புகவிடவில்லை. ஏற்பன மட்டுமே வரலாம் என்று எல்லை வகுத்தார். 'நேற்று வந்த மாணவனின் தந்தை' என்றால், வந்தவர் மாணவனா, தந்தையா என்ற ஐயம் பிறக்கிறது அன்றோ? இடையில் வரும் சொல் இத்தகைய மயக்கத்தைத் தரலாகாது. 'கொழுந்தை வேகமாக எடுக்கிறார்' என்பதிலோ மயக்கம் சிறிதுமில்லை. கொழுந்து என்பதோடு ஒட்டி நிற்கும் 'ஐ' உருபு, அச்சொல் எங்கு நின்றாலும் அதன் உறவைச் சொல்லிவிடும்.

இனி ஆங்கிலத்தின் கதைக்கு வருவோம். அம்மொழியும் ஒரு காலத்தில் இத்தகைய உரிமையை உடையதாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமை விகுதிகளைப் பெற்றன. சொற்கள் பெரும்பாலும் இடம் மாறி நிற்க முடிந்தது. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளிலே அவ்விகுதிகள் தேய்ந்து மறைந்தன. தேய்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் மறத்தலாகாது. விகுதி போனபின், எது எழுவாய், எது செயப்படுபொருள் என்பதை உணர்த்தும் பொறுப்பு இடத்தின்மேல் விழுந்தது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசை இறுகிற்று.

அப்போதும், வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அடைச்சொல் வருவதற்கு வழி அடைபடவில்லை. 1400 இல் மறைந்த சோசர் என்னும் கவிஞரின் காலத்து ஆங்கிலத்தில் அவ்வமைப்பு இயல்பான வழக்கு. ஷேக்ஸ்பியர் (1564-1616) காலத்திலும் அதன் சுவடுகள் உள. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு அக்காலத்தார் 'ஐ நோ நாட்' என்றே கூறுவர். எதிர்மறைச் சொல்லை வினை தாண்டிச் சென்று முன்னே நின்றது. பின்னர் 'டூ' என்னும் துணைவினை இடையே புகுந்து, 'ஐ டூ நாட் நோ' என்ற வழக்கு நிலைபெற்றது. ஆங்கில வினை, அடைச்சொல்லையும் எதிர்மறையையும் தாண்டி முன்செல்லும் ஆற்றலை இழந்துவிட்டது என்று இன்றைய மொழியியலார் விளக்குவர். பிரெஞ்சு மொழி வினை அவ்வாற்றலை இன்றும் இழக்கவில்லை; அம்மொழியில் அடைச்சொல் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் இயல்பாக நிற்கும். ழான் ஈவ் போலோக் என்னும் அறிஞர் 1989 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரு மொழிகளின் வேறுபாட்டை விளக்கிப் புகழ்பெற்றது. வினை விகுதிகள் குறைந்தமை ஆங்கிலத்தில் நிகழ்ந்த மாற்றத்திற்கு ஒரு காரணமாகலாம் என்பார் பலர். அது முழுக் காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆகவே, நம் சிறுமி எழுதிய வாக்கியத்தின் அமைப்பைச் சோசர் கண்டிருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார். அவள் பிழை, ஆங்கிலம் கடந்து வந்த பழைய பாதை.

இலக்கண நூலார் இதனை எவ்வாறு கற்பித்தனர்? ரொபர்ட் லௌத் என்பாரின் ஆங்கில இலக்கணம் 1762 இலும், லிண்ட்லி மரே என்பாரின் இலக்கணம் 1795 இலும் வெளிவந்தன. அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் யோர்க் நகரிற் குடியேறிய மரேயின் நூல், எண்ணற்ற பதிப்புகள் கண்டு நெடுங்காலம் பள்ளிகளை ஆண்டது. அடைச்சொல் பெரும்பாலும் பெயரடைக்கு முன்னும், வினைக்குப் பின்னும், பலவிடத்துத் துணைவினைக்கும் வினைக்கும் நடுவிலும் வரும் என்பது அவர் வகுத்த விதியின் கருத்து. 'வினைக்குப் பின்' என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலக் குழந்தை, செயப்படுபொருளையும் கூறி முடித்த பின் என்று அதனைத் தானே உணர்ந்துகொள்ளும். தாய்மொழி அதற்குத் துணை. தமிழ்க் குழந்தையோ, வினையை அடுத்து உடனே என்று கொள்ளும். விதியை அப்படியே பின்பற்றினால் பிழை விளைகிறது! தாய்மொழியாளருக்கென எழுதிய விதியை அயல்மொழி மாணவருக்கு அப்படியே கொடுத்ததன் விளைவு இது.

நம் மலைநாட்டில் இவ்விடர்ப்பாடு இன்னும் மிகுதியாயிற்று. 1885 இல் புகைவண்டிப் பாதை நானுஓயாவை எட்டியது. அதனோடும் தேயிலையோடும் ஆங்கிலச் சொற்கள் மலையேறின. பெரட்டு, செக்ரோல், கண்டக்டர், கிளாக்கர் என அவை தோட்டத் தமிழில் கலந்தன. ஆனால் வந்தவை பெயர்களே, வாக்கியங்கள் வரவில்லை. துரைமார் பங்களாவிலும் கந்தோரிலும் அவை தங்கிவிட்டன. 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத்தார்மேற் சுமத்திற்று. எழுத்தும் எண்ணும் ஓரளவு கிடைத்தன. அதற்கு மேற்செல்லும் வழி மிகச் சிலருக்கே திறந்தது. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வருவதற்கு 1970 களும் அதற்குப் பின்னும் ஆயின.

அந்நிலையிலும் வாக்கியத்தைக் கைக்கொண்டோர் இருந்தனர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தோட்டத்திலே பிறந்தவர். தம் மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி 1954 இல் நூலாக வெளியிட்டார். அதனைச் சக்தீ பாலையா தமிழில் ஆக்கினார். ஆங்கில வாக்கியம் எவர்க்கும் உரிய தனிச்சொத்தன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். நன்னூலின் இடைப்பிறவரலைத் தமிழ் வகுப்பிலும், அடைச்சொல்லின் இடத்தை ஆங்கில வகுப்பிலும் தனித்தனியே கற்பிக்கிறோம். இரண்டையும் ஒருநாள் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். "தமிழில் உருபு காவல் செய்கிறது, ஆகவே நடுவிடம் திறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இடமே காவல், ஆகவே வினையும் செயப்படுபொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன" என்று கூறுங்கள். செயப்படுபொருள் மிக நீண்டதாயின் ஆங்கிலமும் இளகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'வீட்டிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும் கவனமாகப் படித்தான்' என்பதை, 'ஹீ ரெட் கேர்ஃபுலி எவ்ரி லெட்டர் தட் கேம் ஃப்ரம் ஹோம்' என்று எழுதினால் குற்றமில்லை.

தவற்றைத் திருத்துவது நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் அடிக்கும் சிவப்புக் கோடு, ஆங்கிலம் தனக்கு வராது என்ற எண்ணத்தையே பிள்ளையின் நெஞ்சில் எழுதிவிடுகிறது. லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அவ்வெண்ணத்தை ஊட்டுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். ஆசிரியரும் அவருள் ஒருவராதல் வேண்டா. காரணத்தை அறிந்த பிள்ளை ஒருமுறை திருத்திக்கொள்ளும். தன் தாய்மொழியின் நுட்பத்தையும் அன்றே கண்டுகொள்ளும்.