கத்திரிக்காயின் இரண்டு பங்காளிகள்

சாம்பாரில் கத்திரிக்காய்த் துண்டை ஓரமாக ஒதுக்கிவைக்கிற ஆசாமியா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காய்க்குப் பின்னால் மண்ணில் வாழும் இரண்டு ஜீவன்களின் கதை இருக்கிறது. ஒன்றின் வழக்கு மத்திய மந்திரி வரை போனது. இன்னொன்றை யாரும் அவ்வளவாக விசாரிக்கவில்லை.

முதல் ஆள், ஒரு பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் தேடிய இஷிவாட்டா இதைப் பிடித்தார். பத்து வருஷம் கழித்து, ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவுப்பூச்சியின் புழுவிலும் இதைப் பார்த்தார் பெர்லினர். அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது... பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமாக பி.டி.! பிழைக்க வழியில்லையென்றால் விதை மாதிரி சுருண்டு, மண்ணில் வருஷக்கணக்கில் தூங்கும். புழுவின் வயிற்றுக்குள் போனால், இதன் புரதம் குடலை ஓட்டை போட்டுவிடும்.

அந்தப் புரதத்துக்கான ஜீனைச் செடிக்குள்ளேயே வைத்தால்? அப்படித்தான் 2002-ல் இந்தியாவுக்கு பி.டி. பருத்தி வந்தது. அடுத்தது கத்திரி. மஹிகோ கம்பெனி தந்த ஜீனை, நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ-2 போன்ற உள்ளூர் ரகங்களில் ஏற்றியது. 2009 அக்டோபரில் அனுமதிக் குழு ‘சரி’ என்றது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். அந்தப் பட்டியலில் கோவை இல்லை! 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்திவைத்தார்.

இரண்டாவது ஆள், நீலப்பட்டைத் தேனீ. ராணி கிடையாது, கூட்டுக் குடித்தனம் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணைக் குடைந்து, மகரந்தமும் மதுவும் வைத்து முட்டையிடும். கத்திரிப் பூவில் மகரந்தம் சின்ன ஓட்டை வழியாகத்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இவளோ பூவைக் கட்டிப்பிடித்து ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிரவைப்பாள். உப்பு டப்பாவைக் குலுக்கின மாதிரி மகரந்தம் உதிரும். காய் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது வரவு செலவு பாருங்கள். பாக்டீரியா ஒன்று இரண்டாகி, லட்சமாகும். உழுதாலும் அதற்குக் கவலையில்லை. தேனீக்கோ சில முட்டைகள்தான் சொத்து. மேட்டை வழித்துவிட்டால் அந்த வருஷத்து வாரிசு காலி. இரண்டுக்கும் பகையும் இல்லை. பி.டி. புரதம் தேனீயைக் கொல்வதில்லை. பூச்சிமருந்தும், வழித்துத் தார் போட்ட இட்டேரியும்தான் அதற்கு எமன்.

பி.டி. கத்திரி வேண்டுமா, வேண்டாமா? வங்கதேசம் 2013-ல் ‘வேண்டும்’ என்றது. நம் வாதம் நடக்கட்டும். ஆனால், வரப்போரம் நாலு முழம் உழாத மண்ணை விட்டுவைக்க, எந்தக் குழுவின் கையெழுத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை!