பாத்திர வகுப்பு

பாத்திர வகுப்பு என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியும் பகடை உருட்டியும் ஆடப்படும் மாயக்கதை விளையாட்டுகளில், ஓர் ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரத்தின் தொழிலையும் அத்தொழிலுக்கு உரிய வல்லமைகளையும் தடைகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல். போர்வீரன், மந்திரவாதி, குரு, திருடன் ஆகியவை இவற்றுள் மூத்தவை. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியாகவே இந்த ஏற்பாடு உலகுக்கு வந்தது. கணினி விளையாட்டுகளில் இன்று காணும் வகுப்புகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பெயரையும் உடையையும் மாற்றிவிட்டால் புதிய வகுப்பு பிறந்துவிடாது. கூட இருப்பவர்கள் எவராலும் முடியாத ஒன்றை அந்தப் பாத்திரம் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் ஒன்று அதற்குக் கிடைக்கக் கூடாது. தனித்து நிற்கும் வகுப்புகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. முதல் 5 ஆண்டுகளில் பிறந்த வகுப்புகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

தோற்றம்

வகுப்புகளின் முன்னோர் ஈயப் பொம்மைகள். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971இல் வெளியான ‘செயின்மெயில்’ இடைக்காலப் போர்க்களத்தை மேசைமேல் ஆடுவதற்கான விதிநூல். அதன் பின்னிணைப்பில் மாயக்கதைப் போருக்கும் விதிகள் இருந்தன. ‘வீரன்’ என்ற ஒற்றைப் பொம்மைக்கு 4 ஆள் பலம், ‘மாவீரன்’ என்றால் 8 ஆள் பலம். மந்திரவாதிப் பொம்மை தீக்கோளமும் மின்னலும் எறியும். படைப்பிரிவுகளைத் தாக்கும் பீரங்கியின் இடத்தில் மந்திரவாதி வந்து நின்றார் என்றே சொல்லலாம். மின்னசோட்டாவின் இரட்டை நகரங்களில் டேவ் ஆர்னசன் ‘பிளாக்மூர்’ என்ற தம் ஆட்டத்தில், ஒரு படைக்கு ஓர் ஆட்டக்காரர் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு ஓர் ஆளுக்கு ஓர் ஆட்டக்காரர் என்று வைத்தார். ஆள் பிழைத்தால் அடுத்த வாரம் அதே ஆளாகவே திரும்பி வரலாம்; வர வர வலிமை கூடும். ஆர்னசனின் இந்த ஆட்டத்தைக் கைகாக்ஸ் விதியாக எழுதியபோது பழைய பொம்மைகள் ஏணிப்படிகளாயின. 1974 நூலில் 4ஆம் நிலைப் போர்வீரனுக்கு ‘வீரன்’ என்றும் 8ஆம் நிலையில் ‘மாவீரன்’ என்றும் பட்டம் உண்டு. செயின்மெயிலின் ஆள்கணக்கு அப்படியே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதற்பெட்டியில் 3 சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். வகுப்புகளும் மூன்றே. முதல் நிலையில் அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு எண்ணில் மிகச் சிறியது. மூவருக்கும் உயிர்ப்புள்ளிக்கு ஒரே அறுமுகப் பகடைதான், போர்வீரனுக்கு மட்டும் கூடுதலாக 1. ஆனால் செயலில் வேறுபாடு பெரியது. போர்வீரன் எந்தக் கவசமும் அணியலாம், எந்த ஆயுதமும் எடுக்கலாம். மந்திரவாள் அவனுக்கு மட்டுமே. மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது, ஆயுதம் என்று கையில் இருப்பது குறுங்கத்தி. நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அந்த ஒன்று ‘உறக்கம்’ என்றால் 16 எதிரிகள்வரை ஒரே வீச்சில் தரையில் சாய்வார்கள். அதன்பின் அன்று முழுவதும் அவர் பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். எப்போது சொல்வது என்ற ஒரே கேள்வியில் அந்த ஆட்டக்காரரின் மாலைப்பொழுது முழுவதும் அடங்கியிருந்தது. சொன்னதும் மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற கற்பனை, ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘த டையிங் எர்த்’ கதைகளிலிருந்து வந்தது. ஓர் எழுத்தாளரின் புனைவு விதியாக மாறி ஒரு வகுப்புக்கே குணம் கொடுத்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மூன்றாவதான குரு வகுப்பு பிறந்த விதம் இன்னும் சுவையானது. பிளாக்மூரில் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தக்காட்டேரியாக மாறி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை எதிர்க்கவென்றே, திரைப்படங்களில் வரும் வான் ஹெல்சிங் போன்ற பேயோட்டி ஒருவர் உருவாக்கப்பட்டார். அந்த வேடத்தை ஏற்றவர் மைக் கார். சிலுவையைக் காட்டிப் பிணப்பேய்களைத் துரத்தும் ஆற்றல் இன்றுவரை இந்த வகுப்பின் அடையாளம். 1974 விதிப்படி முதல் நிலைக் குருவுக்கு ஒரு மந்திரம்கூடக் கிடையாது. 2 பகடைகளை உருட்டி 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் எலும்புக்கூடுகள் பின்வாங்கும், நடைபிணத்துக்கு 9, பிணந்தின்னிக்கு 11. கவசத்தில் போர்வீரனுக்கு இணை. ஆனால் கூர்முனை ஆயுதம் தொடக் கூடாது. 11ஆம் நூற்றாண்டின் பாயூ சித்திரத் துணியில் ஓடோ ஆயர் கையில் தடியுடன் குதிரைமேல் இருப்பதைக் கண்டவர்களுக்கு இந்தத் தடை அந்நியமாகத் தோன்றாது. ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு விடையாகப் பிறந்ததால்தான் குரு இவ்வளவு திட்டமாக வந்தது. ‘இன்னொரு வகுப்பு இருந்தால் நன்றாயிருக்குமே’ என்று உட்கார்ந்து யோசித்த வகுப்புகளில் இந்தத் திட்பம் அரிது.

வளர்ச்சி வேகமும் ஆளுக்கு ஆள் வேறு. இரண்டாம் நிலைக்குக் குருவுக்கு 1,500 அனுபவப் புள்ளிகள், போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. முதலில் தவிப்பவர் கடைசியில் எல்லாரையும் விஞ்சுவார் என்ற கணக்கு இது.

திருடன்

1975இன் ‘கிரேஹாக்’ துணைநூலில் திருடன் நுழைந்தான். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையைச் சுற்றி ஆடிவந்தவர்களிடம் எழுந்த யோசனை அது. கைகாக்ஸ் அதை விரித்து எழுதினார். பூட்டுத் திறத்தல், பொறி நீக்கல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் ஆகியவற்றுக்கெல்லாம் சதவீதக் கணக்கு வந்தது.

வகுப்பு வடிவமைப்பின் முதல் பெருந்தவறு இங்கே நேர்ந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் எல்லாருமே பதுங்கி நடந்தார்கள். பெட்டியை நீண்ட கோலால் தட்டிப் பார்த்தார்கள், தரையில் தண்ணீர் ஊற்றிப் பொறிக்குழியின் விளிம்பைக் கண்டார்கள். அதை வாயால் விவரித்தால் போதும். திருடன் வந்தபின் அவை அவனுடைய தொழிலாகிவிட்டன. மற்றவர்கள் கைகட்டி நின்றார்கள். திருடனுக்கும் அதனால் வாழ்வு வந்துவிடவில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 விதிநூலின் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முதல் நிலையில் ஓசையின்றி நடக்க 15 சதவீதம், நிழலில் மறைய 10. காவலனுக்குத் தெரியாமல் நடந்து போய் அவனருகே மறைய வேண்டுமானால் இரண்டும் வாய்க்க வேண்டும். பெருக்கினால் 1.5 சதவீதம், ஆயிரத்தில் பதினைந்து முறை. சுவரேற மட்டும் 85 சதவீதம். ஆகவே கூர்ந்த ஆட்டக்காரர்கள் தங்கள் திருடனைப் பல்லியைப்போல் சுவரிலேயே வைத்திருந்தார்கள். எல்லாரிடமும் இருந்ததைப் பிடுங்கி ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அவனையும் அதில் தோற்கவைத்த ஏற்பாடு இது. இருந்தும் திருடன் நிலைத்தான். வலியவர்கள் நடுவே எளியவன் மூளையால் பிழைக்கும் கதைமேல் மக்களுக்கு இருக்கும் ஆசை அவனைக் காப்பாற்றியது.

பெருக்கம்

கிரேஹாக்கிலேயே பாலடின் என்ற அறவீரனும் வந்தான். வடிவமைப்பில் இது ஒரு சாதனை. பாலடினாக, பகடையால் முடிவாகும் வசீகர மதிப்பு 17ஆவது இருக்க வேண்டும். 3 அறுமுகப் பகடைகள் விழும் 216 விதங்களில் 17ஓ 18ஓ வருவது நான்கே விதங்களில். அந்த வாசலைக் கடந்தாலும் வாழ்வு நோன்புதான். 10 மந்திரப்பொருளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, 1978 விதிப்படி வருவாயில் பத்தில் ஒன்று தர்மத்துக்கு, அறிந்தே ஒரு தீச்செயல் புரிந்தால் தெய்வ ஆற்றல் மீளவே மீளாது. இந்தத் தடைகளால் பாலடின் பேசும் ஒவ்வொரு சொல்லும் மேசையில் எடைபெற்றது. பிற்காலப் பதிப்புகள் இவற்றைத் தளர்த்தியதில் வசதி கூடியது. பாலடினுக்கு இருந்த தனி மணம் குறைந்தது.

வனக்காவலன், மாயத்தோற்றக்காரர், பாணர் ஆகியோர் 1975, 76இல் ‘ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ இதழில் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். வனக்காவலன் டோல்கீன் கதையின் அரகார்னைப் பார்த்து எழுதப்பட்டவன். கதைநாயகன் ஒருவனை அப்படியே வகுப்பாக்கினால், அவன் செய்ததெல்லாம் பட்டியலாகும். ஏன் செய்தான் என்பது விடுபட்டுப்போகும். வனக்காவலனுக்கு ஒவ்வொரு பதிப்பிலும் புது உடல் தைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே. துறவியும் கொலையாளியும் 1975இன் ‘பிளாக்மூர்’ துணைநூலில் வந்தனர். ட்ரூயிட் என்ற வனப்பூசாரி 1976இல் வந்தார். 1978 நூலின்படி ட்ரூயிட்டின் உச்சமான 14ஆம் நிலையில் ஒருவருக்கே இடம் உண்டு. இருப்பவரைப் போட்டியில் வென்றே அங்கே ஏறலாம். அந்த ஒரே விதி வகுப்புக்குள் ஒரு சமூகத்தையே கொண்டுவந்தது. அதே நூலின் பாணரோ முதலில் போர்வீரனாகி, பின் திருடனாகி, அதன்பின்னரே ட்ரூயிட்டுகளிடம் பாட்டுக் கற்க வேண்டும். பாட்டுப் பாட ஆசைப்பட்டவர்களில் பலர் அதுவரை உயிரோடு இருக்கவில்லை.

அதே ஆட்டத்தின் 1981 எளிய பதிப்பு குள்ளர், எல்ஃப், ஹாஃப்லிங் ஆகிய இனங்களையே வகுப்புகளாக்கி மொத்தம் ஏழோடு நிறுத்திக்கொண்டது. புதியவர் ஒருவர் சில நிமிடங்களில் ஆட உட்கார இன்றும் அதுவே சிறந்த ஏற்பாடு.

வகுப்பில்லா ஆட்டங்கள்

வகுப்பே வேண்டாம் என்றவர்களும் தொடக்கத்திலேயே இருந்தனர். 1977இன் ‘டிராவலர்’, 1978இன் ‘ரூன்குவெஸ்ட்’ இரண்டும் திறன்களை அடிப்படையாக வைத்து ஆளை உருவாக்கின. 1986இன் ‘வார்ஹாமர்’ மாயக்கதை ஆட்டம் நடுவழியில் போனது. அங்கே பாத்திரத்தை வரையறுத்தது பிழைப்புத்தொழில். எலிபிடிப்பவனாகத் தொடங்கும் ஆட்டக்காரருக்குச் சிறிய, ஆனால் கொடிய நாய் ஒன்று கூட வரும். அந்த நாய் ஒன்றே போதும், அவனை யாரும் வேறொருவனோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

பிற்காலமும் இன்றைய நிலையும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் திரும்பினால், அதன் 1989 இரண்டாம் பதிப்பு வகுப்புகளை நான்கு குழுக்களாகத் தொகுத்தது. 2000இன் மூன்றாம் பதிப்பில் வகுப்புகள் 11. ஒருவரே பல வகுப்புகளைக் கலந்து எடுக்கலாம் என்றானதும் எல்லைகள் கரைந்தன. 2008இன் நான்காம் பதிப்பு காப்பவர், தாக்குபவர், வழிநடத்துபவர், களத்தை ஆள்பவர் என்று பங்குகளை வெளிப்படையாகப் பிரித்தது. ஆனால் எல்லா வகுப்புக்கும் ஆற்றல்களை ஒரே அச்சில் வார்த்ததால் போர்வீரனும் மந்திரவாதியும் கையில் ஒரே கனமாக இருந்தார்கள். 2010இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஒரு வகுப்பை ஒருவர்தான் எடுக்கலாம் என்று வைத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் 12 வகுப்புகள். 2024இல் திருத்திய நூலும் அந்தப் பன்னிரண்டையே வைத்துக்கொண்டு வகுப்புக்கு 4 உட்பிரிவாக 48 தந்திருக்கிறது.