ஆவாரை

ஆவாரை (சென்னா ஆரிகுலேட்டா) அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, வறண்ட நிலத்துக் காட்டுப் புதர்ச்செடி. இந்தியாவின் வறள் பகுதிகளிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிறது. தமிழகத்தில் ஆவாரம், ஆவிரை என்றும் வழங்கும்.

வளரிடம்: விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை தடுத்துவிடுவதால், இவ்வட்டாரம் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கிறது. இங்குள்ள ஓடைக்கரை, தரிசு, சாலையோரங்களில் யாரும் விதைக்காமலே ஆவாரை முளைக்கிறது. ஆடுமாடு அதிகம் கடிப்பதில்லை, கோடையிலும் பட்டுப்போவதில்லை. பொன்மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூக்களும், தட்டையான காய்களும் கொண்டது.

வரலாறு: கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது பனைமடற் குதிரைக்கு ஆவிரைப் பூவைச் சூட்டியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. 1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டுக் காசியா பேரினத்தில் சேர்த்தார்; பின்னர் இது சென்னா பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் இதன் பட்டை பெரும் வணிகப் பொருளானது. துவர்ப்புச் சத்து மிகுந்த அப்பட்டையைக் கொண்டே சென்னை மாகாணத்துத் தோல் கிடங்குகள் தோலைப் பதனிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பின. 20ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்திறங்கியதும் ஆவாரம்பட்டையின் தேவை சரிந்தது.

பயன்பாடு: சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் தரப்படுகிறது. உலர்ந்த பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், அரைத்து உடலில் தேய்த்துக் குளிப்பதும் வீட்டு வழக்கம். பொங்கலையொட்டிக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவுடன் ஆவாரம்பூவும் வாசலில் ஏறும். தெலங்கானாவில் பதுகம்மா விழாவின் முதன்மைப் பூக்களில் ஒன்றான இது, 2014இல் அம்மாநிலத்தின் மலராக அறிவிக்கப்பட்டது.

இன்றைய நிலை: அமெரிக்க வறள் நிலங்களிலிருந்து வந்த சீமைக் கருவேலமும் அவரைக் குடும்பத்ததே. விருதுநகர் மாவட்டத் தரிசுகளில் அது அடர்ந்து பரவி, ஆவாரை உள்ளிட்ட பிற செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. மனைகளாகும் தரிசுகளோடு ஆவாரைப் புதர்களும் அழிகின்றன. சீமைக் கருவேலத்தை அகற்றும் இடங்களில் ஆவாரை விதையைத் தூவி வளர்ப்பது, மண்ணுக்குரிய செடியை மண்ணுக்கே திருப்பித் தரும் செலவு குறைந்த வழி.