குழந்தைகளின் மூளைக் கட்டி: தமிழ்நாட்டு ஆய்வுகளின் வரலாறு

குழந்தையின் மண்டைக்குள் வளரும் கட்டிகள் எல்லாம் ஒரே நோயல்ல. சில புற்றுநோய், சில காசநோய்க் கிருமியின் வேலை, சில, நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்தவை. கத்தி வைப்பதா, கதிர்வீச்சு கொடுப்பதா, மாத்திரை போதுமா என்பதெல்லாம் இதைப் பிரித்தறிவதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவர்கள் இத்துறைக்குச் செய்த பெருந்தொண்டு இந்தப் பிரித்தறிதலே என்பது, அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் விளங்கும். மேலைநாட்டுப் பாடநூல்களின் முதல் கவலை புற்றுக்கட்டி. 1925இல் அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் குழந்தைகளின் சிறுமூளையைத் தாக்கும் மெடுல்லோபிளாஸ்டோமாவை விவரித்தார்கள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுத்தால் ஆயுள் நீளும் என்று 1953இல் இங்கிலாந்தின் எடித் பேட்டர்சன் காட்டினார். அந்தப் பாடநூல்களோடு இங்கே வேலையைத் தொடங்கியவர்கள் கண்டது வேறு.

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். புற்று என்று எண்ணித் திறந்த தலைகளில் பல தடவை அவர்கள் கண்டது, உள்ளே தயிர்க்கட்டிபோல் வெளுத்துத் திரண்ட காசநோய்க் கட்டி. அக்கால இந்திய மருத்துவமனைப் பட்டியல்களில், மூளையை அழுத்தும் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வகை. திறக்காமலே இதை எப்படிக் கண்டறிவது என்பதை ராமமூர்த்தியும் எம்.ஜி. வரதராஜனும் 1961இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி’ இதழில் எழுதினார்கள். நோயாளியிடம் தெரியும் குறிகளையும் எக்ஸ்ரே படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த கட்டுரை அது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நுரையீரல் காசநோயை வீட்டிலிருந்தபடியே மாத்திரையால் ஆற்றலாம் என்று 1959இல் மெய்ப்பித்திருந்தது. பின்னாளில் மூளைக் கட்டிக்கும் மருந்தே முதல் வழியானதை, இந்த இரண்டு ஆய்வு மரபுகளும் சேர்ந்து தந்த பயன் என்றே சொல்வேன்.

1971இல் சி.டி. ஸ்கேன் வந்தபின் இந்தப் பழைய கட்டுரைகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஸ்கேன் படத்தில் தெரிவது ஒரு வெள்ளை வளையம். காசநோய்க்கும் வளையம், நாடாப்புழுவுக்கும் வளையம், சில புற்றுகளுக்கும் வளையம். வலிப்போடு வந்த பலருக்கு இந்த வளையம் காசநோய் என்று கருதப்பட்டு, தேவையில்லாமல் மாதக்கணக்கில் மாத்திரை தரப்பட்டது. வேலூரின் வேதாந்தம் ராஜசேகரும் உடன் உழைத்தோரும் 1993இல் அளவுகோல் தந்தார்கள்: 20 மில்லிமீட்டருக்குக் குறைந்து, ஒழுங்கான உருவோடு, மூளையை ஒருபக்கம் தள்ளாமல் இருந்தால் அது பெரும்பாலும் நாடாப்புழுக் கட்டி. தானாகவே கரையக்கூடியது. கருவி படத்தைத் தரும். அதற்குப் பொருள் சொல்ல, இந்த மண்ணின் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

இப்படிப் பொறுத்திருந்தால் உண்மையான புற்று தப்பிவிடாதா என்பது இன்னும் கனமான மறுப்பு. தப்பும், அதனால்தான் கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடினாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ அந்த அளவுகோல் பொருந்தாது என்று ஆய்வாளர்களே வரம்பு கட்டினார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் இந்த இரண்டாவது ஸ்கேன் எளிதல்ல. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் திறக்கப்பட்டது. ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரை அரசு மருத்துவமனைக்குப் பாம்பன் பாலம் தாண்டி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லாத வீட்டில், மறுபரிசோதனை தள்ளிப்போவது இயல்பு. ஆனால் புற்றுக்கட்டியில் காலம் முக்கியம்: மெடுல்லோபிளாஸ்டோமா பரவுமுன் அறுத்தெடுத்து, கதிர்வீச்சும் மருந்தும் முழுதாகக் கொடுத்தால் இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். குழந்தைக்குக் காலையில் எழுந்தவுடன், ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடு வாந்தி, அதன்பின் தலைவலி தணிதல், சுவரைப் பிடித்துக் கால் அகட்டி நடத்தல்: இவை இரண்டு வாரம் நீடித்தால் பித்தம் என்று விட்டுவிடாமல், தலைக்கு ஸ்கேன் எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.