வாரோசு: சுமத்திராவில் ஒரு தமிழ்க் கல்

பெருமாள் கோயில் தீர்த்தத்தில் கலக்கும் பச்சைக் கருப்பூரத்தின் மணத்தை அறியாத தமிழர் இலர். அம்மணம் நெடுங்காலம் கடல் கடந்து நம்மை வந்தடைந்தது என்பதை அறிந்தவர் சிலரே. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கருப்பூர வகைகளை அடுக்குமிடத்து ‘வாரோசு’ என்றொரு பெயரைக் குறிக்கின்றார். அஃது ஓர் ஊரின் பெயர்; சுமத்திராவின் மேலைக் கடற்கரையில் இன்று பாருஸ் என வழங்கும் துறையே அது. இந்தோனேசியரும் கருப்பூரத்தைக் ‘காப்பூர் பாருஸ்’ என்றே கூறுவர்.

சுமத்திரா உலகின் ஆறாவது பெரிய தீவு. நிலநடுக்கோடு அதனை ஊடறுத்துச் செல்கின்றது. மேற்கே பாரிசான் மலைத்தொடர் தீவின் நீளம் முழுவதும் நிமிர்ந்து நிற்க, கிழக்கே சதுப்பு நிலம் பரந்து கிடக்கின்றது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகட்கு முன் வெடித்த எரிமலையின் வாயே இன்றைய தோபா ஏரி. அதன் சாம்பல் ஆந்திரத்து ஜுவாலாபுரத்திலும் மண்ணடியிற் கிடைத்துள்ளது. யானை, புலி, காண்டாமிருகம், ஒராங் உத்தான் ஆகிய நான்கும் ஒருங்கே வாழும் லியூசர் காடும் இத்தீவினதே. கருப்பூர மரமும் இத்தகைய மழைக்காடுகளில் ஓங்கி வளர்வது. முதிர்ந்த மரத்தைப் பிளந்தே உள்ளே உறைந்த கருப்பூரத்தை எடுப்பர்.

சுமத்திரா என்றதும் நம் மேடைகளில் 1025ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திரன் ஸ்ரீவிசயத்தின் மீது செலுத்திய கடற்படையே முழங்கும். படை மீண்டது. அங்கே தங்கியவர் வணிகர். பாருஸை அடுத்த லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010இல், அதாவது கி.பி. 1088இல் பொறிக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு வாரோசில் கூடி, மரக்கலத் தலைவர் முதலானோர் கத்தூரியின் விலைப்படி பொன் செலுத்துமாறு விதித்த செய்தியை அது கூறுகின்றது. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வெற்றித்தூணினும் இவ்வரிக்கணக்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. வேற்று நாட்டில் நம்மவர் அன்றாடம் நடத்திய வாழ்வன்றோ அது!

வடசுமத்திராவின் காரோ மக்களுள் செம்பிரிங் என்றொரு குலம் உண்டு. அதன் கிளைகளுள் சோலியா, பாண்டியா, பிரமானா என்னும் பெயர்கள் உள. இவை பண்டைத் தமிழ்த் தொடர்பின் எச்சம் என்பர் அறிஞர். அப்பெயர் தாங்கியோர் பேசுவது காரோ மொழி. தமிழ் அவர்தம் இல்லங்களினின்று என்றோ நீங்கிவிட்டது. வெளிமாநிலத்தில் மக்களை வளர்க்கும் நம்மனோர் இதனை வியப்போடு மட்டும் படித்தல் இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தமிழர் சென்றனர். இம்முறை தெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக. அவர்கள் மேடான் நகரில் 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது.