நிரலும் இலக்கியமே: இந்தியப் பதிப்புரிமைச் சட்ட வரலாற்றில் பதிவிறக்கமும் தண்டனையும்

முன்னுரை

ஓலைச்சுவடிக் காலத்தில் படியெடுத்தல் குற்றமன்று. நூலை வாழவைக்கும் அறம். செல்லுக்கும் நெருப்புக்கும் தப்பிப் பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தமைக்குப் பெயரறியா ஏடெழுதுவோர் பலரே காரணர் ஆவர். அதே படியெடுத்தல் இன்று, திரைப்படமாயினும் மென்பொருளாயினும், சிறைத்தண்டனைக்குரிய செயலாக மாறக்கூடும். இம்மாற்றம் இந்தியச் சட்டத்தில் எவ்வாறு படிப்படியாக நிகழ்ந்தது என்பதையும், இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்யும் ஆய்வாளரின் சட்டநிலை யாது என்பதையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சும் உரிமையும்

உரிமை பற்றிய சிந்தனை அச்சுக்கலையோடு வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்துச் சட்டம் 1710இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது 1847ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் நூல்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. பின்னர், பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1914இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. ‘பதிப்புரிமை’ என்னும் தமிழ்ச்சொல்லே நூற்பதிப்பை அடியாகக் கொண்டது. புத்தாக்கங்களுக்குரிய ‘காப்புரிமை’ வேறு; இரண்டையும் ஒன்றாக வழங்குதல் பொருத்தமன்று.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் நிலவுவது இச்சட்டமே. இது திரைப்படத்தைத் தனிப் படைப்பு வகையாக ஏற்றது. உரிமை மீறலுக்கு அன்று விதிக்கப்பட்ட தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஒளிநாடாவும் நிரலும்

ஒலிநாடாவும் ஒளிநாடாவும் பரவியபோது இத்தண்டனை போதாதெனக் கருதப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத்தண்டனையின் உச்ச எல்லையை மூன்றாண்டாக உயர்த்தியது. குறைந்த அளவாக ஆறு மாதச் சிறையையும் 50,000 ரூபாய் அபராதத்தையும் வகுத்தது. அபராதம் 2 இலட்சம் ரூபாய் வரை செல்லலாம். வணிக ஆதாயம் கருதாத மீறலாயின், தக்க காரணங்களைக் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்க இன்றைய சட்டம் இடமளிக்கிறது.

இலக்கிய மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்றும் இத்திருத்தத்தில் உண்டு. கணினி நிரல், ‘இலக்கியப் படைப்பு’ என்பதன் வரையறைக்குள் சேர்க்கப்பட்டது. வட்டிலும் நாடாவிலும் துளையிட்ட ஊடகத்திலும் பதிந்த கட்டளைத் தொகுதி, சட்டத்தின் பார்வையில், கவிதைக்கும் நாவலுக்கும் உடன்பிறப்பாயிற்று.

ஆயினும் இவ்வுடன்பிறப்புகள் சமமாக நடத்தப்படவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 63ஆ என்னும் தனிப்பிரிவைச் சேர்த்தது. உரிமை மீறிய படி என அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதே இதன்படி குற்றமாகும். தண்டனை ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரையிலான சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரையிலான அபராதமும் ஆகும். ஆதாய நோக்கம் இல்லையெனில் சிறையின்றி, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நிறுத்தவும் நீதிமன்றத்திற்கு இடமுண்டு. திருட்டுப் பதிப்பாக வந்த நாவலைப் படிப்பவர் குற்றவாளி அல்லர். திருட்டு நிரலை அறிந்தே இயக்குபவர் குற்றவாளி.

பார்த்தலும் பகிர்தலும்

2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாட்டிற்கான நியாயமான கையாளுகையைத் திரைப்படத்திற்கும் விரிவுபடுத்தியது. கணினி நிரலை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. பணம் கொடாமல் முழுப்படத்தையும் இறக்கிக்கொள்ளுதல் ‘நியாயமானது’ ஆகுமா என்பதைச் சட்டத்தின் சொற்கள் விளக்கவில்லை. 2016இல் பம்பாய் உயர்நீதிமன்றம், உரிமம் பெறாத படியைப் பார்த்தல் மட்டுமே தண்டனைக்குரிய குற்றமன்று எனத் தெளிவுறுத்தியது.

இத்தெளிவை அளவுகடந்து நம்புதல் தகாது. 2001இல் அறிமுகமான பிட்டோரன்ட் முறையில், ஒரு கோப்பை இறக்குபவரின் கணினி தான் பெற்ற துண்டுகளை அதே நேரத்தில் பிறர்க்கு வழங்கிக்கொண்டும் இருக்கும். தாம் பெறுவதாக மட்டுமே எண்ணுபவர் உண்மையில் பரப்புபவராகவும் ஆகிறார். சட்டத்தின் கடுமை பரப்புதலின்மேல்தான் விழுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணை உரிமையாகக் கிடைக்காதது என உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தமையும் இங்குக் கருதத்தக்கது.

மறுபுறம், தடையாணைகளும் எல்லை மீறியதுண்டு. ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படத்திற்காகச் சென்னை உயர்நீதிமன்றம் 2012இல் வழங்கிய ஆணையைத் தொடர்ந்து முழு இணையதளங்களே முடக்கப்பட்டன. அதே ஆண்டு சூன் மாதத்தில், குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே அவ்வாணை பொருந்தும் என நீதிமன்றம் விளக்கியது. உரிமையாளரின் இழப்பும் வாசகரின் அறிவுரிமையும் ஒருங்கே எடைபோடத் தக்கவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. படியெடுக்கும் கருவி எளிதாகுந்தோறும் தண்டனை கடுமையாகியுள்ளது என்பது ஒன்று. ஆய்வாளர்க்குச் சட்டம் அளிக்கும் நிழல், நூலுக்கும் திரைப்படத்திற்கும் உண்டு. நிரலுக்கு இல்லை என்பது மற்றொன்று. பல்கலைக்கழகத் துறைகள் சிந்திக்க வேண்டியது இவ்விரண்டாவதைப் பற்றியே. பிறர் நூலிலிருந்து ஒரு வரியை எடுத்தாலும் அடிக்குறிப்புத் தரும் நாம், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த மென்பொருளின் உரிமம் யாருடையது என எத்தனை முறை வினவியிருக்கிறோம்? படியெடுக்கவும் பகிரவும் ஆக்கியோரே இசைவு தரும் கட்டற்ற மென்பொருள்களும் ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்களும் இன்று கிடைக்கின்றன. அவற்றைத் துறைகளில் நிலைபெறச் செய்தல் சட்ட அச்சத்திற்கான மருந்து மட்டுமன்று; படியெடுத்தலை மீண்டும் அறமாக்கும் வழியுமாகும்.