காப்பியில் விஸ்கி, கொசுவத்தியில் அய்யா

மக்கா, போன வெள்ளிக்கிழமை ஆணி கொஞ்சம் கம்மி. அயர்லாந்து போயிட்டு வந்த நண்பன் ஒருத்தன் பாட்டிலும் கையுமா வந்து நின்னான். "ஐரிஷ் காப்பி போடுவோம்டா!" வீட்டுல இருந்ததோ அப்பத்தா புதுக்கோட்டையிலேர்ந்து குடுத்துவிட்ட பித்தளை ஃபில்டர். டிகாக்ஷன் இறங்குற நேரத்துல சுத்துன கொசுவத்திதான் இந்தப் பதிவு.

முதலில் வரலாறு. அயர்லாந்தின் மேற்கே ஃபாய்ன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் அங்கே தண்ணீரில்தான் இறங்கும். 1943 வாக்கில் மோசமான வானிலையால் பாதி வழியில் திரும்பி வந்த பயணிகளுக்கு, ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் சூடான காப்பியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஸ்டான்டன் டெலாப்ளேன் என்ற பத்திரிகையாளர் அந்த ருசியை 1952-ல் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கஃபேக்குக் கொண்டுபோனார். அங்கே முதலில் க்ரீம் மிதக்காம முழுகிட்டே இருந்துச்சாம்!

அங்கே ரெண்டும் ஒரே கோப்பையில். நம்மூரில் கதையே வேற. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே காப்பிக்கே கெட்ட பேர். நீராகாரத்தை ஒழிக்க வந்த போதைப்பொருள் என்று அதைக் கள்ளோடு சேர்த்துத் திட்டியிருக்கிறார்கள். (ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படிச்சுப் பாருங்க.) அப்புறம் கள்ளுக்குத்தான் ஆபத்து வந்தது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். தொண்டைமான்களின் புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல் அது இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. அதே வருஷம் அக்டோபர் 2-ல், ஓமந்தூரார் ஆட்சியில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் அதைத் தளர்த்தினார். 1974-க்குள் கடைகளை மறுபடி மூடினார்கள். 1981-ல் எம்ஜிஆர் ஆட்சியில் மறுபடி திறந்தார்கள்.

இந்த வருஷங்களை நான் புத்தகத்துக்கு முன்னாடியே அப்பத்தா வாயால கேட்டவன். 1971-ல அய்யாவுக்கு முப்பது வயசு. ஊர்ப் பக்கம் சாராயக்கடை வந்துச்சு, கண்மாய்க்குக் கீழ இருந்த வயலு போச்சு. கடைய மூடுனப்பதான் அப்பத்தா ஃபில்டர் வாங்குச்சாம். அய்யா கடைக்குக் கிளம்புற அதே சாயங்கால நேரத்துல, தினம் டபரா நிறைய காப்பி. 1981-ல கடை திரும்ப வந்தப்பவும் அது நிக்கல. அய்யா முழுசா விட்டாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா மிச்ச நிலம் தப்பிச்சுச்சு. அதுலதான் அப்பா படிச்சாரு, நான் இஞ்சினியரிங் முடிச்சு பொட்டி தட்டுறேன்.

சரி, செய்முறை. சூடா வேணும்னா: கண்ணாடி டம்ளரை வெந்நீர் ஊத்திச் சூடு பண்ணிக்குங்க. ஒரு ஸ்பூன் சர்க்கரை, வெந்நீர் கலந்த டிகாக்ஷன் 120 மில்லி (பால் கூடாது), விஸ்கி 50 மில்லி போட்டுக் கலக்குங்க. லேசா அடிச்ச க்ரீமை ஸ்பூனின் முதுகு வழியா மெல்ல விடுங்க. சர்க்கரையை விட்டுடாதீங்க. காப்பியை அடர்த்தியாக்கி க்ரீமை மிதக்க வைக்க அதுவும் உதவுது. ஜில்லுன்னு வேணும்னா: சர்க்கரையைச் சூட்டிலேயே கரைச்சு, ஆறவிட்டு, விஸ்கியும் ஐஸும் போட்டு மூடி குலுக்கி வடிகட்டுங்க. ஆறின காப்பியில சர்க்கரை லேசுல கரையாது.

ஒரு எச்சரிக்கை. காப்பி தூக்கத்தைத்தான் மறைக்கும், போதையைக் குறைக்காது. தெளிவா இருக்கோம்னு நினைச்சு வண்டிச் சாவியைத் தொட்டுடாதீங்க.

நண்பன் ரெண்டு வகையும் குடிச்சான். நான் சூடானதுல ஒரு வாய் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. மிச்ச டிகாக்ஷன்ல பாலை ஊத்தி ஆத்திக்கிட்டேன். காலையில அப்பத்தா போன்: "காப்பி குடிச்சியாய்யா?" "குடிச்சேன் அப்பத்தா." எதுலன்னு அது கேக்கல :-)

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். எங்க வீட்டுல இது வெறும் போர்டு வாசகம் இல்லீங்க.